மீண்டவர்களும் திருத்திய சுவர்களும்

யாழ்ப்பாணத்தில், பழைய ஆட்கள் கரையூர் என்று சொல்லும் குருநகரில் பிறந்து, தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். போர் முடிந்த பிறகு எங்கள் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் திட்டப் பலகைகள். புனரமைப்பு, புனர்நிர்மாணம், மீள்கட்டுமானம், மீள்குடியேற்றம் என்று எழுதியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

'புனர்' வடசொல், 'மறுபடியும்' என்று பொருள். ஆரியகுளத்தைத் திருத்தியதற்கும் வீதிக்குத் தார் போட்டதற்கும் அந்தச் சொல் போதும். 'மீள்' தன்வினை. போனவர் தாமே திரும்பி வரவேண்டும். அதன் பிறவினைதான் மீட்டல், மீட்பு. அடைவு வைத்த நகையை மீட்கிறோம். கோயிலில் இயேசுவை மீட்பர் என்கிறோம். இரண்டிலும் ஒருவர் விலை கொடுக்கிறார்.

1993 நவம்பர் 13ஆம் திகதி எங்கள் யாகப்பர் கோயிலில் விமானக் குண்டு விழுந்தது. சனம் செத்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது குருநகரும் நடந்தது. கோயில் சுவரைத் திருத்தியதைப் புனரமைப்பு என்று தாராளமாக எழுதலாம். ஆனால் அடுத்த வருடம் அந்தச் சனம் திரும்பி வந்து, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலில் இறங்கியதே, அதற்குப் பெயர் மீளுதல்.

யாழ் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. கட்டடத்தைப் புனரமைத்துவிட்டார்கள். எரிந்த ஏடுகள் மீளவில்லை.

'புனர்வாழ்வு' என்ற சொல்லுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. எண்பதுகளில், இடம்பெயர்ந்து வந்தவனுக்குச் சோறும் கூரையும் கொடுப்பதை அப்படிச் சொன்னோம். 2009இல் போர் முடிந்த பிறகு, சரணடைந்த பிள்ளைகளை வைத்திருந்த முகாம்களுக்கு அதுவே பெயராயிற்று. அங்கே பிள்ளையைப் பார்க்கப் போய்வந்த தாயின் காதில் அந்தச் சொல் உதவி என்று விழாது.

அறிக்கை எழுதும் தம்பி தங்கச்சிமாரிடம் ஒன்று கேட்கிறேன். 'மீள்' என்று எழுதமுன் அந்த வீட்டுக்காரர் வந்துவிட்டாரா என்று விசாரியுங்கள். வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் தங்கள் காணிக்குள் கால் வைக்கவில்லை.