வெளியிடுமுன் தீர்க்க வேண்டிய பிழைகள்

கணினி போட்ட கணக்குத் தவறாது என்பது நம்மிற் பலருடைய நம்பிக்கை. ஆயினும், மனிதர் எழுதிய நிரலின்படியே கணினி கணக்கிடுகிறது. நிரலில் பிழை இருப்பின் விடையிலும் பிழை இருக்கும். ஆகவே, ஒரு கணித மென்பொருளை உலகுக்கு வழங்குமுன் அதன் பிழைகளை எவ்வாறு களைகின்றனர் என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

பலருக்கும் பயன்படும் நிரல்களின் தொகுப்பை மென்பொருள் நூலகம் என்பர். பைத்தான் என்னும் கணினி மொழிக்கு அமைந்த 'நம்பை' அத்தகைய ஒன்று. முன்பிருந்த இரு நூலகங்களை இணைத்து டிராவிஸ் ஆலிபண்ட் என்பவர் 2005ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். இது திறந்த மூல மென்பொருள். எவரும் இதன் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பயன்படுத்தலாம். 2019இல் வெளியான கருந்துளையின் முதற் படத்தை உருவாக்கும் பணியிலும் இது பயன்பட்டது.

இத்தகைய நூலகத்தில் எந்நேரமும் சில குறைகள் இருக்கவே செய்யும். அனைத்தையும் தீர்த்த பின்னரே வெளியிடுவது என்றால் எப்பதிப்பும் வெளிவராது. எனவே, தீர்க்காமல் வெளியிடவே கூடாத பிழைகளைத் தனியே பிரித்தெடுக்கின்றனர். இவற்றைத் தடைப்பிழைகள் எனலாம். விளக்கக் குறிப்பில் ஓர் எழுத்துப் பிழை இருப்பின் அது அடுத்த பதிப்புவரை காத்திருக்கலாம். முந்திய பதிப்பில் சரியாக வந்த விடை புதிய பதிப்பில் தவறாக வருமாயின் அது காத்திருக்க இயலாது.

பிழைகளுள் மிகக் கொடியது, எச்சரிக்கை எதுவுமின்றித் தவறான விடை தருவதே. நிரல் இடையில் நின்றுவிட்டால் பயன்படுத்துவோர் உடனே அறிவர். தவறான விடையையோ உண்மையென நம்பிவிடுவர். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1,00,000ஐ 1,00,000ஆல் பெருக்கினால் 1,000 கோடி வரும். ஆனால், முழு எண்ணுக்கு 32 இருமஇலக்க இடம் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தால் 214 கோடியைச் சற்றே கடந்த அளவுவரைதான் அதில் அடங்கும். எஞ்சிய பகுதி வெட்டுண்டு, விடை 141,00,65,408 என வரும். நம்பையின் பழைய பதிப்புகள் விண்டோஸ் கணினிகளில் இவ்விடையைத் தந்தன. லினக்ஸ் கணினிகளிலோ, 64 இடங்கள் இருந்தமையால், சரியான விடை வந்தது.

இதனை உடனே மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். நம்பையை அடித்தளமாகக் கொண்டே சைபை, பாண்டாஸ் போன்ற வேறு நூலகங்கள் இயங்குகின்றன. அடித்தளத்தை முன்னறிவிப்பின்றி மாற்றினால் மேலே கட்டிய வீடு ஆட்டங்காணும். அதாவது, திருத்தமே புதியதொரு தடைப்பிழை ஆகிவிடக்கூடும். ஆதலால், இம்மாற்றம் 2024 ஜூனில் வெளியான 2.0 பதிப்பிலேயே இடம்பெற்றது. அதற்குமுன் சோதனைக்கென முன்வெளியீடுகள் வந்தன. சார்ந்திருக்கும் நூலகங்களைப் பேணுவோர் அவற்றில் தம் நிரல்களை ஓட்டிப் பார்த்து, கண்ட குறைகளை அறிவிக்க இவை வழிசெய்தன.

தடைப்பிழை அறிவிக்கப்பட்டதும், முதலில் அதனை மீண்டும் நிகழ்த்திப் பார்க்கின்றனர். பின்னர், எந்த மாற்றத்தால் அது நேர்ந்தது என்று தேடுகின்றனர். இயன்றவரை சிறிய திருத்தத்தையே செய்கின்றனர்; அதற்கும் நேரமில்லையெனின், பிழைக்குக் காரணமான மாற்றத்தையே விலக்கிவிடுகின்றனர். அப்பிழை மறுபடியும் தலைகாட்டாதிருக்க ஒரு சோதனை நிரலையும் எழுதிச் சேர்க்கின்றனர். இப்பணிகளிற் பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள் செய்கின்றனர் என்பது போற்றத்தக்கது.

மாணவர்களே! இவ்வாறு பிழையை அறிவிப்பதில் நீங்களும் பங்கு கொள்ளலாம். கணினியிடம் என்ன கேட்டீர்கள், எவ்விடையை எதிர்பார்த்தீர்கள், எவ்விடை வந்தது என்னும் மூன்றையும் தெளிவாக எழுதினாற் போதும். அதற்கு, கணினி தந்த விடையைக் கையாலும் ஒருமுறை சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். பிழை நேர்வது இயல்பு. அறிந்தும் அதனை மறைத்து வெளியிடுவதே குற்றமாகும்.