டயருக்கும் ஜாதகம் உண்டு

ஓசூர் என்றால் ஒரு காலத்தில் குளிர்ந்த காற்றும் ரோஜாத் தோட்டங்களுமே நினைவுக்கு வரும். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி கிராமம் அருகில்தான் இருக்கிறது என்று பெரியவர்கள் பெருமையுடன் சொல்வார்கள். இன்றைக்கு அவ்வூர்ப் பெயரைச் சொன்னால் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் லாரியும் கடிகாரமும் கண்முன் வந்து நிற்கின்றன. கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் காலை வைத்தவுடனேயே தொழிற்சாலைப் புகைபோக்கிகள் வரவேற்கத் தொடங்கிவிடும். சக்கரங்களின் பூமி என்று அதற்குப் பெயர் வைத்தாலும் தகும்.

அந்த ஊரில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். முப்பது வருஷம் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். சிக்கனமானவர், காப்பிக்குக்கூடச் சர்க்கரையை எண்ணிப் போடுகிறவர். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருடைய சிக்கனம் காற்றில் பறந்துவிடும். அவருடைய தகப்பனார் விட்டுப்போன எம்.ஜி. வண்டி ஒன்று அவர் கொட்டகையில் நிற்கிறது. இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1949-ம் ஆண்டின் கடைசியிலிருந்து 1953 வரையில் கட்டப்பட்ட டி.டி. என்னும் ரகம். 1250 ஸி.ஸி. எஞ்சின், இரண்டே ஆசனங்கள், மேலே துணிக் கூரை. கட்டிய சுமார் 30,000 வண்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பலேறின. நம் நாட்டுக்கு வந்த சிலவற்றுள் ஒன்று இது.

சென்ற கோடையில் நாம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். வண்டி துடைத்து மெருகேறி வாசலில் நின்றது. "ஏறுங்கள், ஸார்! கிருஷ்ணகிரியில் மாம்பழம் வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம்" என்றார். அதற்குள் அவருடைய பேத்தி, ஆறு வயதுக் குழந்தை, ஓடிவந்து நம் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நம் மடியில் அவளுக்கு இடம் என்பது முன்னாலேயே தீர்மானமாகிவிட்ட விஷயம் போலும்!

"டயர் எப்படி?" என்று பேச்சுக்குத்தான் கேட்டோம்.

"டயரா? பட்டன் கொஞ்சங்கூடத் தேயவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வாங்கியது. இந்த வண்டிக்கென்றே செய்த அசல் 5.50-15 அளவு. காகிதச் சுற்றுக்கூடப் பிரிக்காமல் ஒரு வியாபாரி வைத்திருந்தார்" என்றார் நண்பர், முகமெல்லாம் மலர்ச்சியுடன்.

காகிதச் சுற்றுப் பிரிக்காத டயர் என்றதும் நமக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அந்த அளவுள்ள டயர் இக்காலத்தில் சந்தையில் சரளமாக விற்கும் பண்டம் அல்ல. அப்படியானால் அந்த வியாபாரியிடம் அது எத்தனை நாளாகக் கிடந்தது?

டயருக்கும் ஜாதகம் உண்டு. அதன் பக்கச் சுவரில், டி.ஓ.டி. என்ற எழுத்துக்களை அடுத்து வரும் குறிகளின் கடைசி இலக்கங்களே அது. 2000-ம் ஆண்டு முதல் நான்கு இலக்கங்கள் பொறிக்கிறார்கள். முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் வருஷம். 1424 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் அச்சிலிருந்து வெளிவந்த டயர் என்று அர்த்தம். அதற்கு முற்பட்ட டயர்களில் மூன்றே இலக்கங்கள்தான் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை: இந்தக் குறி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுதாக இருக்கும். மாட்டுகிறவர் அந்தப் பக்கத்தை உட்புறமாகத் திருப்பி மாட்டிவிட்டால், ஜாதகம் பார்க்க வண்டிக்கு அடியில் படுத்துத்தான் ஆகவேண்டும்.

படுத்தோம். நம் வேஷ்டி பட்ட பாட்டை இங்கே விவரிக்கப்போவதில்லை. விளக்கொளியில் தெரிந்தது மூன்று இலக்கங்கள்: 148. அதாவது, ஏதோ ஒரு எட்டாம் வருஷத்தின் பதினான்காவது வாரம். மிகவும் தயவு காட்டி 1998 என்று வைத்துக்கொண்டாலும், அந்த டயருக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. 1988 என்றால் கேட்கவே வேண்டாம். நண்பர் புதிதென்று வாங்கிய அன்றைக்கே அது கிழம்.

கிருஷ்ணகிரிக்கு நாம் பஸ்ஸில்தான் போனோம்.

பட்டன் தேயாத டயர் எப்படிக் கெட்டுப்போகும் என்று நண்பர் வெகுநேரம் வாதாடினார். வாசகர்களில் பலரும் அவ்வாறே எண்ணக்கூடும். ரப்பர் என்பது இரும்பைப் போல் சும்மா கிடக்கும் வஸ்துவல்ல. கந்தகம் சேர்த்துக் காய்ச்சிப் பதப்படுத்திய பிறகும் அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு ஓயாமல் கலந்துகொண்டிருக்கிறது. வெப்பம் ஏற ஏற இந்த வேலையும் துரிதப்படும். பத்து டிகிரி சென்டிகிரேடு கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ரசாயனிகள் கையாளும் பொதுக் கணக்கு. ஆகையால் குளிர் தேசத்துக் கொட்டகையில் பத்து வருஷம் இருந்த டயரும், நம் நாட்டுத் தகரக் கொட்டகையில் பத்து வருஷம் இருந்த டயரும் ஒன்றல்ல. அழுத்தமான காற்று உள்ளே இருப்பதால் பிராணவாயு உட்புறத்திலிருந்தும் ரப்பருக்குள் ஊடுருவுகிறது. மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே நூல் அடுக்குக்கும் ரப்பருக்கும் இருந்த ஒட்டு தளர்ந்துபோகலாம், கண்ணுக்குத் தெரியாது.

ஓஸோன் என்னும் வாயு இன்னொரு பகைவன். இழுபட்டு நிற்கும் ரப்பரில் அது மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். இதற்கென்றே டயர் செய்கிறவர்கள் மெழுகையும் சில காப்பு மருந்துகளையும் ரப்பரில் கலந்துவைக்கிறார்கள். சக்கரம் உருண்டு டயர் நெளியும்போதெல்லாம் அவை சிறிது சிறிதாக மேலே கசிந்து, தோல் போலப் படர்ந்து காப்பாற்றும். ஓடாத வண்டியில் இந்தக் கசிவு நின்றுபோகிறது. செல்லமாக மூடிவைத்த வண்டியின் டயர்தான் சீக்கிரம் வெடிக்கிறது என்பது இதனால்தான். மின்சார மோட்டாரிலும் வெல்டிங் வேலையிலும் ஓஸோன் பிறக்கும். நண்பரின் கொட்டகைக்கு அடுத்த சுவர் ஒரு வெல்டிங் பட்டறை! ஓசூரில் வெல்டிங் பட்டறைக்கு அடுத்த வீடாக இல்லாமல் இருப்பதுதான் கஷ்டம்.

இவ்வளவும் வெறும் சாஸ்திரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 2012-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் இசை விழா ஒன்றிலிருந்து திரும்பிய பஸ், ஸரே மாகாணத்தில் ஹைண்ட்ஹெட் அருகே முன் டயர் சிதைந்து மரத்தில் மோதியது. மூன்று பேர் மாண்டார்கள். அந்த டயருக்குப் பத்தொன்பது வயதுக்கு மேல். மாண்டவர்களில் ஓர் இளைஞருக்குப் பதினெட்டே வயது. அவர் பிறப்பதற்கு முன்பே அந்த டயர் பிறந்துவிட்டது. பட்டன் ஆழமோ சட்டப்படி சரியாகவே இருந்தது. அவருடைய தாயார் வருஷக்கணக்கில் வாதாடியதன் பயனாக, 2021-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி முதல் பிரிட்டனில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் முன் சக்கரங்களில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர் போடுவது சட்ட விரோதமாயிற்று. சொந்தக் கார்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அவரவர் புத்திதான் சட்டம். மிஷெலின் கம்பெனியார் ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். பத்து வருஷமானால், பார்வைக்கு நன்றாயிருந்தாலும், உபரிச் சக்கரம் உட்பட எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். சில கார்க் கம்பெனிகள் ஆறு வருஷம் என்றே கெடு வைக்கின்றன.

ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலை ஆயிரம் அடிக்கு மேல் கீழே இறங்குகிறது. இறங்க இறங்கச் சாலையும் காற்றும் சூடாகும். இருபுறமும் பாரமேற்றிய லாரிகள் பறந்துகொண்டிருக்கும். சித்திரை மாதத்தில் அந்த வழியில் ஒரு டயர் வெடித்தால் என்ன ஆகும் என்பதை மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு யோசிக்க நமக்குத் துணிவில்லை.

சரி, புது டயர் போடுவது என்று முடிவாயிற்று. எந்த டயர்? இங்கேதான் உண்மையான தலைவலி ஆரம்பம்.

நெடுஞ்சாலை ஓரத்து டயர்க் கடைக்காரர் ஒருவர், "அம்பாஸடர் டயரைப் போட்டுவிடுங்கள், ஐயா" என்றார். யோசனை முழுதும் தப்பல்ல. அம்பாஸடர் காருக்கு 5.90-15 டயர், ரிம்மின் விட்டம் இரண்டுக்கும் பதினைந்து அங்குலம்தான். ஆனால் அது கிட்டத்தட்ட அரை அங்குலம் அகலம் கூடியது. திருப்பும்போது மட்கார்டில் உரசுமா என்று பார்க்க வேண்டும். வேகமானியும் சற்றுப் பொய் சொல்லும். அதைவிட முக்கியமான விஷயம், உத்தரபாராவில் அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. வண்டி போனால் அதன் டயரும் மெள்ள மெள்ளக் கடையின் மூலைக்குப் போகும். அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது அந்த நான்கு இலக்கங்களைத்தான்.

இரண்டாவது யோசனை ரேடியல். பழைய டயர்களில் நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லும். இதைக் கிராஸ்-பிளை என்பார்கள். ரேடியலில் நூல்கள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகச் செல்லும். பட்டனுக்கு அடியில் மட்டும் உறுதியான பட்டை ஒன்று சுற்றியிருக்கும். மிஷெலின் கம்பெனி 1946-ல் உரிமை பெற்று 1949-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த முறை அது. பிடிமானம் அதிகம், ஆயுளும் அதிகம். தினந்தோறும் ஓட்டும் வண்டிக்கு ரேடியல்தான் உத்தமம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் டி.டி. ரக எம்.ஜி.யை வகுத்தவர்கள் கிராஸ்-பிளையை மனத்தில் வைத்தே வகுத்தார்கள். அந்த டயர் வளைவில் வழுக்கத் தொடங்கும்போது முன்கூட்டி அடையாளம் காட்டி, படிப்படியாக வழுக்கும். ரேடியல் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று கைவிடும். பிடிமானம் கூடினால் பழைய ரிம்மும் அச்சும் தாங்கவேண்டிய சுமையும் கூடுகிறது. எதைப் போட்டாலும் நான்கு சக்கரங்களிலும் ஒரே ஜாதியைப் போடவேண்டும். முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்-பிளையும் போட்டவன் வளைவில் வண்டியின் பின்புறத்தைத் தேட நேரிடும்.

மூன்றாவது வழி, பழைய அச்சு, பழைய கோலம், புது ரப்பர். இப்படிப்பட்ட டயர்களை இன்றும் செய்கிறார்கள். பிரெலி கம்பெனி 'கொலெஸியோனே' என்ற வரிசையில் பழைய தோற்றத்துடன் புது டயர் செய்கிறது. அமெரிக்காவில் டென்னஸீ மாகாணத்துக் கோக்கர் கம்பெனிக்குப் பழைய வண்டி டயர்தான் தொழிலே. நம் நாட்டு நிலைமைதான் மனத்தை உறுத்துகிறது. திருவொற்றியூரில் 1946-ல் பொம்மைப் பலூன் செய்ய ஆரம்பித்த மெட்ராஸ் ரப்பர் பாக்டரி 1961-ல் டயரே செய்யத் தொடங்கி, உலகமெல்லாம் பெயர் வாங்கியது. இவ்வளவு டயர் செய்யும் தேசத்தில் நண்பரின் ஐந்து டயருக்குக் கடல் கடந்து கை நீட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் லேசில்லை. 2020-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் டயர் இறக்குமதியை லைசென்ஸ் வேண்டும் வரிசையில் சேர்த்தது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்கத்தை நாம் குறை கூறமாட்டோம். எந்த உள்நாட்டுத் தொழிற்சாலையும் செய்யாத அளவுக்கு மட்டும் ஒரு சிறிய கதவு திறந்து வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

நண்பர் மூன்றாவது வழியையே தேர்ந்தெடுத்தார். உள்ளே போடும் டியூபும் புதிதாகவே வேண்டும் என்று சேர்த்து எழுதினார். பழைய டியூபை மடித்துப் போட்டால் மடிப்பில் உரசிச் சூடேறும். கடிதத்தில் சிவப்பு மையால் ஒரு வரி அடிக்கோடிட்டிருந்தது: டயர் செய்த தேதி ஒரு வருஷத்துக்கு மேற்படக் கூடாது, நான்கு இலக்கங்களின் புகைப்படம் முன்பணத்துக்கு முன் வந்து சேரவேண்டும்.

இப்போது வண்டி நான்கு மரக்கட்டைகளின் மேல் சக்கரமில்லாமல் நிற்கிறது. லைசென்ஸ் காகிதங்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. சென்ற வாரம் வந்த கடிதத்தில், பழைய டயர்களில் ஒன்றைக் கொல்லைப்புற மாமரத்தில் கட்டிப் பேத்திக்கு ஊஞ்சல் போட்டிருப்பதாக நண்பர் எழுதியிருக்கிறார். கயிறு மட்டும் புதிதாம்.