வெளியூர் இரவுகள்: மறைப்பதுதான் ஆபத்து

தாராவிக்கு வேலை தேடி வருபவர், வளைகுடா விமானத்துக்குக் காத்திருப்பவர், சரக்கெடுக்க வந்த வியாபாரி, லாரி ஓட்டுநர் எனத் தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்குத் தனியாக வரும் ஆண்கள் பலர். வீட்டார் கண் எட்டாத ஊர், கையில் கொஞ்சம் காசு, கூட நாலு நண்பர்கள். அந்த இரவில் என்ன சாப்பிட்டோம், என்ன குடித்தோம், யாரோடு இருந்தோம் என்பது உடம்பைப் பாதிக்கும் விஷயம். ஏதாவது தவறிப்போனால், சொல்ல வெட்கப்பட்டு நாளைக் கடத்துவதுதான் பெரிய ஆபத்து.

வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள்

மாட்டுங்காவில் 1939-இல் தொடங்கிய ராம் ஆஷ்ரயாவும் 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸும் இன்றும் நம் நாக்குக்கேற்ற உணவைத் தருகின்றன. இவை நள்ளிரவு வரை திறந்திருப்பதில்லை, நேரத்தோடு சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் குடிக்கும் மது விறுவிறுவென ரத்தத்தில் ஏறும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு, சாப்பிடாமல் குடித்தால் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். உளறலும் தள்ளாட்டமும் போதை போலவே தெரிவதால் கூட இருப்பவர்கள் தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

செம்பூர் சாலையோரத்தில் தவாவிலிருந்து சுடச்சுட இறங்கும் பாவ்பாஜியில் பயம் குறைவு. பானிபூரித் தண்ணீர், ஐஸ், பச்சைச் சட்னி ஆகியவற்றில் கவனம் தேவை. மழைக்காலத்தில் டைஃபாய்டும் மஞ்சள்காமாலையும் பெரும்பாலும் அசுத்தத் தண்ணீர் வழியாகத்தான் வருகின்றன.

மலிவுச் சாராயம்

2015 ஜூனில் மும்பை மாலாட் பகுதியின் மால்வணியில் கள்ளச்சாராயம் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். இரண்டிலும் எமன் மெத்தனால்தான். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் கழித்தே வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல் தொடங்கும். கண்முன் பனிமூட்டம் படர்ந்ததுபோல் பார்வை மங்கும். அதைப் போதைத் தெளிவின் தலைவலி என்று படுத்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்தில் கிடைத்தால் உயிரைக் காக்கலாம், கண்ணையும் காக்கலாம்.

ஆணுறை இல்லாமல் வேண்டாம்

எச்.ஐ.வி., சிஃபிலிஸ், கொனோரியா, ஹெபடைடிஸ் பி எதுவும் ஆளைப் பார்த்தால் தெரியாது. ஆணுறையைப் பர்ஸில் வைத்து மாதக்கணக்கில் நசுக்காதீர்கள். காலாவதி தேதியைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் பலவீனமாகிக் கிழியும். வழவழப்பு வேண்டுமென்றால் நீர் சார்ந்த ஜெல் மட்டும் போதும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் ‘வீரிய’ மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும்.

எதிரில் இருக்கும் பெண்ணையும் நினையுங்கள். 1990-இல் மும்பை பாலியல் விடுதிகளிலிருந்து மீட்கப்பட்ட தமிழ்ப் பெண்களைத் தனி ரயிலில் சென்னைக்கு அழைத்துவந்தார்கள். அவர்களில் பலர் ஏமாற்றிக் கடத்தப்பட்டவர்கள். மிரட்டலுக்குப் பணிந்து ஒருத்தி அங்கே நிற்கிறாள் என்றால் அது சம்மதம் ஆகாது. 18 வயது நிரம்பாதவரிடம் நெருங்குவது போக்சோ சட்டப்படி கடும் குற்றம்.

72 மணி நேரம்

ஆணுறை கிழிந்துவிட்டதா, போதையில் மறந்துவிட்டதா? எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. நள்ளிரவிலும் அவசரப் பிரிவு இயங்கும். நடந்ததை மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

மறுநாளே பரிசோதித்து ‘ஒன்றும் இல்லை’ என்று நிம்மதி அடைய முடியாது. தொற்று தெரியவரச் சில வாரங்கள் ஆகும். வழக்கமான ஆன்டிபாடி பரிசோதனையை மூன்று மாதம் கழித்தும் ஒருமுறை செய்ய வேண்டும். அதுவரை மனைவியிடம் ஆணுறை இல்லாமல் நெருங்க வேண்டாம். அரசு ஆலோசனை மையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம். உங்கள் பரிசோதனை முடிவை ரகசியமாகக் காக்க 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது. சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

வளைகுடா போகிறவர்களுக்கு

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றையும் பார்ப்பார்கள். ஒன்று இருந்தாலும் ‘அன்ஃபிட்’ முத்திரைதான். வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிய பணமும் சிக்கிக்கொள்ளும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு: ஆறு மாதத்தில் மூன்று ஊசி. ஊரிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சிஃபிலிஸ் பென்சிலினில் குணமாகும். எச்.ஐ.வி. இருந்தாலும் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் நீண்ட நாள் நலமாக வாழலாம். இந்த நோய்களுக்கு வழி இருக்கிறது. வாய் திறந்து கேட்பவருக்குத்தான் அது கிடைக்கும். ஆகவே வெட்கத்தைத் தள்ளிவிட்டு, இன்றே மருத்துவரிடம் போங்கள்.