ஆயிரம் குரலும் ஒரு வாசகமும்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலை திருக்கழுக்குன்றத்தைத் தொட்டுத்தான் போகிறது. மணிவாசகர் அத்தலத்தைப் பாடிய ஏழு பாடல்கள் திருவாசகத்தில் முப்பதாம் பதிகமாக உள்ளன. அந்தத் திருவாசகமே புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு சேர்ந்து ஒலித்ததை நம் மாணவர் எத்தனை பேர் கேட்டிருப்பர்? 2005இல் வெளிவந்த இளையராஜாவின் படைப்பைத்தான் சொல்கிறேன்.

சிம்பொனி என்பது அடிப்படையில் கருவியிசை. அதில் பாட்டுக்கு இடமில்லை. 1824இல் பீத்தோவன் தம் ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் பாடகர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வழியின் உச்சம் மாலரின் எட்டாம் சிம்பொனி. 1910 செப்டம்பர் 12 அன்று மியூனிக் நகரில் மாலரே அதை நடத்தினார். மேடையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் பாடகர்கள், சிறுவர் குழு உட்பட. 'ஆயிரவர் சிம்பொனி' என்ற விளம்பரப் பெயர் மாலருக்குப் பிடிக்கவேயில்லை! அவர் எடுத்துக்கொண்ட சொற்கள் பழைய இலத்தீன் துதிப்பாடல் ஒன்றும், கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடக இறுதிக் காட்சியும்.

இளையராஜாவின் படைப்பு ஆறு தனிப் பகுதிகளால் ஆனது. ஆகவே அதனை 'ஒரட்டோரியோ' என்பதே பொருந்தும். பெயர் கிடக்கட்டும், சொல்லின் கதி என்ன என்பதே கேள்வி.

நம் இசையில் நூறு பேர் பாடினாலும் மெட்டு ஒன்றே. மேலைநாட்டுச் சேர்ந்திசையில் நால்வகைக் குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் நிற்கும். ஒரு குரல் சொல்லை முடிக்குமுன் மற்றொரு குரல் அதே சொல்லைத் தொடங்கும். மாலரின் முற்பகுதியில் இந்தப் பின்னல் மிகுதி. அங்கே சொல்லைவிட முழக்கமே செவியை நிறைக்கிறது. தமிழுக்கோ இன்னொரு தொல்லையும் உண்டு. குறிலை நீட்டினால் 'கல்' 'கால்' ஆகிவிடும். மாத்திரை தவறினால் பொருளே மாறும் மொழி இது.

சிவபுராண வரிகளைக் கொண்ட பகுதியே ஆறனுள் நீளமானது. ஆங்கில வரிகளும் இடையிடையே வருகின்றன. அங்கே தமிழ் வரிகளை இளையராஜாவின் தனிக்குரல் ஏந்திச் செல்ல, சேர்ந்திசை அதற்குப் பின்புலமாக எழுகிறது. எனவே சொல் மூழ்கவில்லை. ஆங்கில வரிகள் வேண்டியதில்லை என்பது என் கருத்து. உலகோர்க்கு அவை வாயில் என்பாரும் உளர்.

ஐயமுள்ளோர் சிவபுராணத்தை முதலில் வாய்விட்டுப் படித்துவிட்டுப் பிறகு இசைத்தட்டைக் கேட்கலாம். எந்த எழுத்து எங்கே நீண்டது என்பதைக் காதே சொல்லிவிடும்.