தவறு கம்பெனியுடையது, தவிப்பு யாருடையது?

ஜவுளிக் கடையில் வாங்கிய வேட்டியில் கிழிசல் இருந்தால் என்ன செய்கிறோம்? மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கடைக்காரர் முன் விரித்துக் காட்டுகிறோம். மதுரைக் கடைவீதியில் பெயர் வாங்கிய வணிகர் எவரும் முகம் சுளிப்பதில்லை. "தவறு நேர்ந்துவிட்டது, அய்யா" என்று சொல்லி வேறு வேட்டி எடுத்துத் தருகிறார். பழுதான சரக்கை விற்றவன் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது நம் கடைவீதி அறம்.

வேட்டியில் கிழிசல் இருந்தால் மானம் போகும். வண்டியில் பழுது இருந்தால் உயிரே போகும்! அப்படியிருக்க, வேட்டிக்கு உள்ள நியாயம் வண்டிக்கு இருக்கிறதா?

அந்தி வேளையில் வில்லாபுரம் ஆர்ச் அருகே நின்று அருப்புக்கோட்டை சாலையைப் பாருங்கள். முன்னால் பிள்ளை, பின்னால் மனைவி, நடுவில் மளிகைப் பை, இவ்வளவையும் சுமந்துகொண்டு போகும் இரு சக்கர வண்டிகள் எத்தனை! விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் புறப்படுபவருக்கு வண்டிதான் கால். வேலைக்குப் போகும் கொத்தனாருக்கு வண்டிதான் கை. தவணைக்கு வாங்கிய வண்டி, வட்டி கட்டி வாங்கிய வண்டி, மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிய வண்டி. இவர்களுக்கு வண்டி ஆடம்பரம் அன்று. அடுப்பு எரிவதற்கான வழி.

இந்த வண்டிகளுள் சிலவற்றைக் கம்பெனிகள் அவ்வப்போது திரும்ப அழைக்கின்றன. 'ரீகால்' என்கிறார்கள். "நாங்கள் செய்த வண்டியில் இன்ன பாகம் பழுது. கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் மாற்றித் தருகிறோம்" என்று கூப்பிடுவதற்குப் பெயர் அது. கூப்பிடுவது நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? எந்த மொழியில் கூப்பிடுகிறார்கள்? கூப்பிட்ட குரல் கேட்டு வந்தவனை எப்படி நடத்துகிறார்கள்? இவைதாம் நமது கேள்விகள்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று எண்ணுவோர் 2022-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் வேலூரில் ஒரு வீடு. இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகை சூழ்ந்தது. தந்தையும் பதின்மூன்று வயது மகளும் மூச்சுத் திணறி மாண்டார்கள். பெட்ரோல் விலைக்கு அஞ்சி மின்சார வண்டி வாங்கிய எத்தனையோ குடும்பங்கள் அன்று நடுங்கின. அதே நாட்களில் சென்னையிலும் புனேயிலும் மின் ஸ்கூட்டர்கள் எரிந்தன.

ஏப்ரல் பிறந்தது. அதன் பிறகுதான் அழைப்புகளும் பிறந்தன. ஓகினாவா கம்பெனி 3,215 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ப்யூர் ஈ.வி. கம்பெனி 2,000 வண்டிகளை அழைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா கம்பெனி 1,441 வண்டிகளை அழைத்தது. ஒரே மாதத்தில் மூன்று கம்பெனிகள்; 6,656 வண்டிகள்! ஏப்ரல் 21 அன்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, கவனக்குறைவு கண்டால் கடும் அபராதம் என்றும், பழுதான வண்டிகள் அனைத்தையும் திரும்ப அழைக்க உத்தரவிடப்படும் என்றும் எச்சரித்தார்.

எச்சரிக்கை வந்தது, மகிழ்ச்சி. ஆனால் பிணம் விழுந்த பிறகுதானா பேட்டரியின் இணைப்பைச் சோதித்துப் பார்ப்பது? தீ மூண்ட பிறகுதானா கிணறு வெட்டுவது?

இன்னொரு கூத்தும் உண்டு. பழுது என்ற சொல்லை உச்சரிக்கவே சில கம்பெனிகளுக்கு நா எழுவதில்லை. ஓலா ஸ்கூட்டரின் முன் ஃபோர்க் முறிந்ததாகப் பலர் படம் பிடித்துக் காட்டிக் குமுறினார்கள். 2023 மார்ச்சில் கம்பெனி முன்வந்து, புதிய ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. ஆனால் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'அப்கிரேடு'! பழையதும் பாதுகாப்பானதுதான், விரும்புகிறவர்களுக்குப் புதியது தருகிறோம் என்றது கம்பெனி.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாமே இருக்கிறது! "உன் வண்டியில் ஆபத்து" என்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவான். "உன் வண்டிக்கு மேம்பாடு" என்றால், "தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுவான். சொல் மாறினால் அவசரம் மறைகிறது. கடமை, கருணையாக வேடம் போடுகிறது.

எல்லோரும் அப்படித்தான் என்று நாம் பழி சுமத்தவில்லை. சென்னையை ஒட்டிய தொழிற்சாலைகளில் மோட்டார் சைக்கிள் செய்யும் ராயல் என்ஃபீல்டு, 2021 மே மாதத்தில் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயிலில் குறை, அரிதாக மின்கசிவும் நேரலாம் என்று பகிரங்கமாகச் சொல்லிற்று. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை செய்த வண்டிகள் என்றும் சொல்லிற்று. கம்பெனி கவிழ்ந்துவிடவில்லை. உண்மையைச் சொன்னவன் கெட்டுப் போவதில்லை!

சரி, அழைப்பு விடுத்தாகிவிட்டது. அது வில்லாபுரத்துக்கு வந்து சேர்கிறதா?

கைப்பேசியில் ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள்தோறும் வந்து குவியும் ஐம்பது செய்திகளுக்கு நடுவே இதுவும் ஒன்று. அதுவும் யாருக்கு? ஷோரூமில் புது வண்டியாக வாங்கிய முதல் உரிமையாளருக்கு! அவர் அண்ணாநகரில் இருப்பார். வண்டியை விற்று மூன்றாண்டு ஆகியிருக்கும். புரோக்கர் கைக்குப் போய், அங்கிருந்து இன்னொருவர் கைக்குப் போய், மூன்றாவதாக வில்லாபுரத்துக்கு வந்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர்கூட மாறியிருக்காது. புது வண்டி வாங்க வசதி இல்லாதவனிடம்தான் பழைய வண்டி வருகிறது. அழைப்போ வசதியுள்ளவனின் பழைய எண்ணுக்குப் போகிறது. ஆபத்து கைமாறிவிட்டது, அறிவிப்பு கைமாறவில்லை!

எப்படியோ செய்தி தெரிந்து, டி.என். 58 பலகை மாட்டிய வண்டியை ஒருவர் டீலரிடம் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நடக்கும் உரையாடல் பலருக்கும் பழக்கமானதுதான்.

"தம்பி, இந்த வண்டியில ஏதோ பார்ட்ஸ் மாத்தணும்னு சொன்னாங்க."

"உங்க நம்பருக்கு மெசேஜ் வந்துச்சா, சார்?"

"எனக்கு வரலை. செகண்ட் ஹேண்டா வாங்குனது."

"மெசேஜ் வந்தாத்தான் சார் செய்ய முடியும். பார்ட்ஸும் இன்னும் வரலை. அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் போனால் மானேஜர் இல்லை. அதற்கடுத்த வாரம் போனால், "வண்டியை விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள் ஆகும்." விட்டுவிட்டு வந்தால், ஆயில் மாற்றினோம், பிரேக் துடைத்தோம் என்று பில் நீட்டுகிறார்கள். இலவசம் என்று போனவர் இருநூறோ முந்நூறோ கட்டிவிட்டு வருகிறார்.

கவுண்டரில் நிற்கும் பையனோடு நமக்குச் சண்டை இல்லை. அவனும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன். பாகம் அனுப்பாத கம்பெனிக்காக வசவு வாங்கும் ஏழை. நாம் கேட்பது மேலே இருப்பவர்களை. மூன்று முறை அலைந்தவரின் மூன்று நாள் கூலி யார் கணக்கில் எழுதப்படும்?

2023 ஜனவரியில் மாருதி கம்பெனி 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காற்றுப்பையை இயக்கும் கருவியில் குறை இருக்கலாம். மாற்றும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்று அறிவுரை. சரியான அறிவுரை, பாராட்டுகிறோம். ஆனால் அந்தப் பட்டியலில் ஈகோ வண்டியும் இருந்தது. நம் தெருக்களில் வாடகைக்கு ஓடும் வண்டி அது! இரண்டு கார் வைத்திருப்பவர் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றில் ஏறிப் போவார். ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவர் எதில் ஏறிப் போவார்? ஓட்டாதே என்று சொன்னவர்கள், ஓட்டாத நாட்களுக்கு அரிசி அனுப்பினார்களா?

இந்தக் கேள்விகள் உலகத்துக்குப் புதியவை அல்ல. அமெரிக்காவில் 1965-இல் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர், கார் கம்பெனிகள் பாதுகாப்பைப் புறக்கணிப்பதைத் தோலுரித்து நூல் எழுதினார். மறு ஆண்டே, 1966-இல், வாகனப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பிறந்தது. சட்டம் இருந்தும் முதலாளித்துவம் தூங்கிவிடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் சாவி சுவிட்ச் ஓட்டத்திலேயே நழுவி, எஞ்சின் நின்று, காற்றுப்பையும் விரியாமல் போயிற்று. கம்பெனிக்குள் பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் 2014-இல்தான் அழைப்பு வந்தது. 124 சாவுகளுக்கு இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. அந்தப் பாகத்தின் விலையோ ஒரு டாலருக்கும் குறைவு!

நம் நாட்டில்? 2012-இல் கம்பெனிகளின் சங்கம், தானே விரும்பித் திரும்ப அழைப்பதற்கு ஒரு நெறிமுறை வகுத்தது. விரும்பினால் அழைக்கலாம், விரும்பாவிட்டால்? கேட்பார் இல்லை. 2019-இல்தான் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அமெரிக்கா சட்டம் செய்து 53 ஆண்டுகள் கழித்து! 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழுதான வண்டியைத் திரும்ப அழைக்குமாறு இனி அரசு ஆணையிடலாம். ஆணையிட்டால் கம்பெனி பழுது நீக்க வேண்டும். அல்லது மாற்று வண்டி தர வேண்டும். அல்லது முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். அபராதமும் உண்டு.

நல்ல சட்டம். ஆனால் வலையில் பெரிய ஓட்டைகள். ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இந்த விதி. வில்லாபுரத்தில் ஓடும் வண்டிகளில் ஏழு ஆண்டைத் தாண்டியவை எத்தனை என்று ஒருநாள் சாலையோரம் நின்று எண்ணட்டும் அதிகாரிகள்! உரிமையாளர்களின் புகாரால் விசாரணை தொடங்க வேண்டுமானால், ஆண்டு விற்பனைக்கு ஏற்ப இத்தனை புகார் சேர வேண்டும் என்று கணக்கு வேறு. புகார் எங்கே கொடுப்பது என்றே தெரியாதவர் கணக்கில் எப்படிச் சேருவார்?

ஆகவே நாம் கேட்கிறோம். வண்டியின் சேஸிஸ் எண் கம்பெனியிடம் இருக்கிறது. இன்றைய உரிமையாளர் பெயர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்து, தமிழில் கடிதம் அனுப்ப ஏன் முடியாது? பெயர் மாற்றும்போதும் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போதும் "இந்த வண்டியில் மாற்ற வேண்டிய பாகம் உண்டு" என்று சொல்ல ஏன் முடியாது? அழைக்கப்பட்ட வண்டிகளின் விவரத்தை ஒவ்வொரு டீலரும் வாசலில் தமிழில் எழுதி மாட்ட ஏன் ஆணையிடக் கூடாது? வண்டி நிற்கும் நாளுக்கு இழப்பீடு தர ஏன் விதி செய்யக் கூடாது?

அரசு செய்யட்டும் என்று நாமும் கைகட்டி இருக்க வேண்டாம். பழைய வண்டி வாங்கியோர் முதலில் பெயரை மாற்றுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு டீலரிடம் கேளுங்கள். பழுது வண்டியில் இருக்கிறது, குறுஞ்செய்தியில் இல்லை. செய்தி வரவில்லை என்பது பதிலாகாது. வண்டியை விடும்போது ஜாப் கார்டு வாங்குங்கள். பாகம் இல்லை என்றால் தேதியிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு வழக்குக் கட்டணமே இல்லை.

ஒருவன் கேட்டால் என்ன ஆகும் என்று சலிக்காதீர்கள். அந்த உதவி எண்ணுக்கு ஓராண்டில் வந்து சேர்ந்த 10,644 புகார்களை வைத்துத்தான், 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா கம்பெனிக்கு நோட்டீசு அனுப்பிற்று. 99.1 விழுக்காடு தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொல்ல நேர்ந்தது. பதில் சொல்ல வைத்தது யார்? ஒவ்வொருவராக எண்ணைச் சுழற்றியவர்கள்!

கேட்பது வில்லாபுரத்துக்குப் புதிதா என்ன? குழாய்த் தண்ணீர் உரிமைக்காகக் குரல் கொடுத்த மாமன்ற உறுப்பினர் லீலாவதியை 1997-இல் வெட்டிச் சாய்த்த மண் இது. தண்ணீருக்காக உயிரையே கொடுத்த ஊர், தன் பிள்ளைகளின் உயிருக்காக ஒரு புகார் மனு கொடுக்கத் தயங்கலாமா?

கம்பெனிகள் வண்டியை அழைக்கட்டும். அழைத்தது காதில் விழாவிட்டால், நாம் கம்பெனியை அழைப்போம். பதில் வரும்வரை அழைப்போம்!