சிறைக்குப் போனவரின் மாத்திரைச் சீட்டு



வீட்டில் ஒருவர் கைதாகிவிட்டால் முதலில் வக்கீலைத் தேடுகிறோம். அடுத்து ஜாமீனுக்கு ஆள் தேடுகிறோம். அவர் தினமும் சாப்பிட்டுவந்த மனநல மாத்திரையின் ஞாபகம் நாலைந்து நாள் கழித்துத்தான் வருகிறது. ஞாபகம் வந்தாலும் சொல்ல வாய் வராது. 'மனநோய்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் தங்கச்சியின் நிக்காஹ் என்னாவது, மஹல்லாவில் என்ன பேசுவார்கள் என்று பயம்.

அந்த முதல் சில நாட்கள்தான் ஆபத்தானவை. மாத்திரை திடீரென்று நின்றால் அடங்கியிருந்த நோய் திரும்பிவிடும். சில மாத்திரைகளை நிறுத்தினால் வலிப்பே வரும். தற்கொலை எண்ணம் அதிகம் எழுவதும் சிறைக்குள் போன புதிதில்தான். குடிப்பழக்கம் உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், இல்லாத உருவம் தெரியும், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அது உயிரையே எடுக்கலாம். (நம் வீடுகளில் குடி இல்லை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.) இந்த நிலையில் இருப்பவரை மற்ற கைதிகள் 'நடிக்கிறான்' என்பார்கள். வீட்டார் 'ஜின் பிடித்திருக்கிறது' என்பார்கள். ஓதிப் பாருங்கள், துஆ செய்யுங்கள். கூடவே மாத்திரைச் சீட்டையும் சிறைக்குக் கொண்டுபோங்கள்.

இது அபூர்வமாக நடப்பதல்ல. பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 5,024 கைதிகளைப் பரிசோதித்தார்கள். போதைப் பழக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 27.6 சதவீதம் பேருக்கு மனநோய் இருந்தது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கைதியையும் நோயாளியாகவே பார்க்கிறது. பிரிவு 94 அவசர சிகிச்சை பற்றியது. உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ பெரிய தீங்கு செய்துகொள்ளும் நிலை என்றால், மனநல நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். நோயாளியின் பிரதிநிதி, அதாவது பெரும்பாலும் குடும்பத்தார், அங்கே இருந்தால் அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். மின் அதிர்ச்சி சிகிச்சையை அவசர சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. பிரிவு 103 கைதிகளுக்கென்றே எழுதப்பட்டது: சிறை மருத்துவப் பிரிவில் மனநல வார்டு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியோடு வெளியே உள்ள மனநல மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும்.

சிறைக்கு மருத்துவரை அனுப்புவது புதிய யோசனையும் அல்ல. பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் வஸீர் அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்குக் கடிதம் எழுதி, தினமும் வைத்தியர்களை மருந்தோடு சிறைகளுக்கு அனுப்பச் சொன்னார்.

வெளியிலிருந்து கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அசாமின் மச்சல் லாலுங் சாட்சி. 1951இல் கைதான அவரை தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் குணமாகிவிட்டார் என்று மருத்துவமனையே தெரிவித்தது. வீட்டுக்கு விடாமல் குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள். விசாரணையே நடக்காமல் 54 வருடம் போனது. 2005இல் ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 77.

திருவண்ணாமலையில் ஒருவர் ரிமாண்ட் ஆனால் கிளைச் சிறைக்கோ வேலூர் மத்திய சிறைக்கோ போவார். பெண் என்றால் வேலூர் பெண்கள் தனிச்சிறை. அதற்கு முன்பு அரசு மருத்துவமனையில் உடல் பரிசோதனை நடக்கும், மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். அந்த இரண்டு இடத்திலேயே, வக்கீல் மூலமாவது, 'இவர் மனநல சிகிச்சையில் இருக்கிறார்' என்று சொல்லிவிடுங்கள். அது பதிவாகிவிட்டால் பிறகு யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. அப்போது தவறிவிட்டால், மனு போட்டுப் பார்க்கப் போகும் முதல் நாளே சிறைக் கண்காணிப்பாளருக்கும் சிறை மருத்துவருக்கும் எழுத்தில் கொடுங்கள்: நோய் என்ன, எந்த மாத்திரை, எத்தனை வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டார், முன்பு தற்கொலைக்கு முயன்றாரா. மாத்திரையைக் கைதியின் கையில் கொடுக்க விடமாட்டார்கள். மருத்துவர் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழிக்காவல் போலீஸ் இல்லை என்று தாமதமானால் வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் மனு செய்யுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள், எண் 15100.

நோயைச் சொன்னால் கேஸ் கெட்டுவிடும் என்பதும் தவறு. தன் தரப்பைச் சொல்லும் நிலையில் அவர் இல்லை என்றால், வீட்டார் சிகிச்சைக்குப் பொறுப்பேற்கும்போது ஜாமீனில் விட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 369 இடம் தருகிறது. அதற்கும் மருத்துவப் பதிவுதான் வேண்டும்.

அசல் சீட்டுகளைக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும். கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சீட்டு தொலைந்திருந்தால் சிகிச்சை பார்த்த மருத்துவமனையில் ஓ.பி. நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். வெளியே தவித்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் பேச ஆள் வேண்டும் என்றால் 14416க்கு அழைக்கலாம். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.