இரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கு

ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள ஒரு தொழிற்சாலைக்குள் முதன்முறையாக நுழைபவருக்கு, அங்கே எழும் ஓசையெல்லாம் ஒரே பேரிரைச்சலாகத் தோன்றும். தகட்டை அழுத்தும் பிரஸ் இயந்திரமும், சீறும் காற்றுக்குழாயும், ஓடிக்கொண்டேயிருக்கும் கன்வேயரும் ஒன்றாகக் கலந்து செவியை அடைக்கும். ஆயினும், அங்கே பல ஆண்டுகள் உழைத்த பிட்டர் ஒருவர், ஒரு பேரிங் தேய்ந்துவிட்டால், அத்தனை ஓசைக்கும் நடுவே அந்த மாறுதலைப் பிரித்தறிந்துவிடுவார். ஓசை ஒன்றே; கேட்கும் செவிகள்தாம் வேறு. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, மேனாட்டு இசைத்தட்டு ஒன்றைப் பற்றிச் சற்றே ஆராய்வோம்.

'ஹெவி மெட்டல்' என்று வழங்கும் இசை, தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு நகரத்திலேதான் பிறந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து இளைஞர் டோனி அயோமி, தம் 17-ஆம் வயதில், தகட்டு வேலை செய்யும் ஆலையொன்றில், தம் வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்திற்குப் பறிகொடுத்தார். கிதார் வாசிப்பவருக்கு இதனினும் பெரிய இழப்பு உண்டோ? அவர் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தினார். 1970-இல் வெளிவந்த 'பிளாக் சபாத்' குழுவின் முதல் இசைத்தட்டில் ஒலிக்கும் கனத்த நாதம் அவருடைய கிதாரில் எழுந்ததே.

அந்த இசை 1980-களில் அமெரிக்காவில் மேலும் கடுமையுற்று, 'டெத் மெட்டல்' என்னும் பெயரைப் பெற்றது. புளோரிடா மாநிலம் அதற்குத் தாயகம் போலாயிற்று. பாடகர் பாடுவதில்லை, உறுமுவார். முரசு வாசிப்பவர் இரு கால்களாலும் பெருமுரசை இடைவிடாது முழக்குவார். இவ்வகையுள்ளும் நுட்பமான கணக்குகளை நாடியவர்களின் இசையை 'டெக்னிக்கல் டெத் மெட்டல்' என்பர்.

அத்தகைய குழுக்களுள் ஒன்று, 1987-இல் மயாமி நகரில் தோன்றிய 'சினிக்'. அதன் முதல் இசைத்தட்டு 'ஃபோக்கஸ்', 1993 செப்டம்பரில் வெளிவந்தது. கிதாரில் பால் மாஸ்விடாலும் ஜேசன் கோபலும், பேஸ் கிதாரில் சீன் மலோனும், முரசில் சீன் ரைனர்ட்டும் இருந்தனர். மாஸ்விடாலும் ரைனர்ட்டும் அதற்கு முன்பே, 'டெத்' என்னும் குழுவின் 'ஹியூமன்' என்ற 1991-ஆம் ஆண்டு இசைத்தட்டில் வாசித்துப் பெயர் பெற்றவர்கள். 'ஃபோக்கஸ்' எளிதில் உருவாகிவிடவில்லை. 1992 ஆகஸ்டில் தெற்குப் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளி, கோபலின் இல்லத்தையும் குழுவினர் பயிற்சி செய்த இடத்தையும் அழித்துவிட்டது. ஒலிப்பதிவு தள்ளிப்போயிற்று. பின்னரே தாம்பா நகரின் மாரிசவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் அது நிறைவேறியது.

இவ்விசையில் நாம் கேட்க வேண்டுவது யாது? முதலாவது, தாளம். நம் கருநாடக இசையில் தாளத்தின் ஆவர்த்தம் நிலையாக நிற்க, அதனுள்ளே திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என நடை மாறும். இவர்களோ ஆவர்த்தத்தின் அளவையே பகுதிக்குப் பகுதி மாற்றிச் செல்கின்றனர். கையால் தாளமிட்டுக் கேட்பவருக்கு இது விளங்கும். இரண்டாவது, மலோனின் பேஸ் கிதார். அதில் மெட்டுகள் இல்லை. ஆதலால் நம் கோட்டுவாத்தியம் போல, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு நாதம் வழுக்கிச் செல்கிறது. மூன்றாவது, குரல். டோனி டீகார்டன் உறுமுகிறார். மாஸ்விடாலின் குரலோ 'வோகோடர்' என்னும் கருவியின் வழியாக இயந்திரக் குரல்போல் ஒலிக்கிறது. தொலைபேசிக் கம்பிகளில் பேச்சைச் சிக்கனமாக அனுப்பும் பொருட்டு, 1930-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி உருவாக்கிய கருவி அது. கைபேசி செய்யும் ஆலைகளுக்கு அருகே வாழும் மாணவர்கள், தொலைபேசி ஆராய்ச்சி இசைக்கு அளித்த இக்கொடையை எண்ணிப் பார்க்கலாம்.

இத்தட்டின் முதற்பாடலின் பெயர் 'மாயையின் திரை' எனப் பொருள்படும். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவர், நம் நாட்டுச் சிந்தனையிலிருந்து எடுத்து மேனாட்டில் வழங்கச் செய்த தொடர் அது. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமானுசரோ, உலகம் பொய்த்தோற்றம் என்ற கருத்தை மறுத்தவர். மாயை என்னும் சொல்லுக்கு, வியத்தகு பொருள்களைப் படைக்கும் ஆற்றல் என்றே பொருள் கொண்டவர். கடல் கடந்து ஒலிக்கும் அச்சொல்லின் வரலாற்றில் இவ்வூருக்கும் பங்குண்டு.

'ஃபோக்கஸ்' வெளிவந்தபோது, டெத் மெட்டலை விரும்பியவர்களுள் பலருக்கு அது அளவுக்கு மீறி மென்மையாகத் தோன்றியது. மற்றவர்க்கோ அது வெறும் கூச்சல். இரு சாராருக்கும் நடுவே நின்ற குழு, 1994-இல் கலைந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அத்தட்டைத் தேடிக் கேட்போர் பெருகினர். 2006-இல் குழு மீண்டும் கூடியது. 2008-இல் இரண்டாம் இசைத்தட்டு வெளிவந்தது. ரைனர்ட்டும் மலோனும் 2020-ஆம் ஆண்டில் காலமாயினர். தம் முதல் முயற்சி மதிக்கப்படுவதைக் கண்ட பின்னரே அவர்கள் மறைந்தனர் என்பது ஓர் ஆறுதல்.

'ஃபோக்கஸ்' என்ற சொல்லுக்குக் கவனத்தைக் குவித்தல் என்று பொருள். எட்டுப் பாடல்கள், ஏறத்தாழ 36 நிமிடங்கள். முதல்முறை முரசை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை பேஸ் கிதாரை. மூன்றாம் முறை அனைத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அதன்பின் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். கேட்டறிந்து சொல்லும் மறுப்புக்கும் ஒரு மதிப்பு உண்டு.